தொட்டிக்குள் ஒரு கை

அழுகிய நெல்தாளின் வாடை வந்தாலே அந்தக் காவலாளி நினைவுக்கு வருகிறார். நான் பார்க்கப் போயிருந்த திருவள்ளூர்ப் பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையில், வெள்ளத்தைத் தாங்கும் நெல் ரகத்தைக் கண்டறிய, நாற்றுகளைத் தொட்டிநீரில் இரண்டு வாரம் மூழ்கடித்து வைத்திருந்தார்கள். காவலாளி ஒல்லியான மனிதர், வலது கை மட்டும் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதைத் தோள்வரை கலங்கல் நீருக்குள் விட்டு, கண்மூடி, வரிசை வரிசையாகத் தொடுவார்.

"இன்னா பெர்சு, நாடி பாக்குறியா?" என்று பண்ணை ஆட்கள் சிரிப்பார்கள்.

"இது செத்துப் பூட்ச்சு. இது மூச்சு வுட்டுக்கினு கீது," என்பார்.

சில வாரம் கழித்து, இரண்டாயிரத்து ஐந்தின் அடைமழையில், மறுபடி போனேன். தொட்டியை வடித்திருந்தார்கள். மூச்சு விடுவதாக அவர் சொன்ன வரிசைகள் மட்டுமே துளிர்த்திருந்தன.

கிளம்பும்போது, "உங்களுக்கு நிலம் உண்டா?" என்றேன்.

ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆத்தோரம் ஒரு ஏக்கரா கீது சார். பத்து நாளா தண்ணிக்குள்ள. அதுல மட்டும் இன்னும் கைய வுட்டுப் பாக்கல."