சீமெண்ணெய் டின்னில் ஒரு ஸ்ட்ராபெரி

போன ஞாயிறு எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டிய சேவல்... எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு தட்டில் ஒற்றைப் பழம். கட்டைவிரல் நுனி அளவு. என் மனைவி எஸ்தரின் ஸ்ட்ராபெரி!

கொடைக்கானல் நண்பர் ஆறு கன்றுகளும் ஒரு லெட்டரும் அனுப்பியிருந்தார். ‘டின்னில் நட்டு, சும்மா விட்டுவிடு. வேலையே இல்லை.’

“முதல் பழம் ஆண்டவருக்கு” என்றாள் எஸ்தர்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த என் அக்கா சிரித்துவிட்டாள். “ஏட்டி, மலையில காய்க்கிறது ராஜபாளையத்து வெயில்ல காய்க்குமா? காய்ச்சா எனக்குச் சொல்லி அனுப்பு.”

“நீங்களே வந்து பாருங்க மதினி.” எஸ்தர் அந்தக் குரலில் பேசினால் அப்பீல் கிடையாது.

வீட்டில் இருந்தவை இரண்டே சீமெண்ணெய் டின்கள். ஒன்று வெந்நீருக்கு. மற்றது செடிகளுக்கு. அடியில் ஓட்டை போட வேண்டும் என்றாள் எஸ்தர்... இந்த யுத்த காலத்திலா? ஒழுகும் டின்னுக்கு ஈயம் வைத்து அடைக்கிற ஊரில், நல்ல டின்னை எவனாவது ஓட்டை போடுவானா? நான் விடவில்லை.

சும்மாவும் விடவில்லை. கை கழுவினால் செடிக்கு. சொம்பில் மிச்சமிருந்தால் செடிக்கு. எங்கள் பக்கம் தண்ணீரை வீணாக்க யாருக்கு மனசு வரும்? மூன்றே வாரத்தில் ஐந்து கன்றுகள் அழுகிவிட்டன.

எஸ்தர் மண்ணை முகர்ந்து பார்த்தாள். “சாக்கடையா நாறுது.” ஆணியும் சுத்தியலும் எடுத்தாள்.

“டின்னு போயிருமே!”

“போகட்டும். சொன்ன வார்த்தை போனா திரும்ப வருமா?”

ஐந்து அடி. ஐந்து ஓட்டை. கறுத்த தண்ணீர் வடிந்து ஓடியது. அன்று முதல் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். சொம்போடு அந்தப் பக்கம் போனால் எனக்குத் திட்டு. ஒரு செடியைச் சும்மா விட வைக்க, பாவம், அவள்தான் எவ்வளவு பாடுபட்டாள்! மிஞ்சிய அந்த ஒன்று பிழைத்தது. பூத்தது. காய்த்தது.

பண்டிகைக்கு அக்காவும் வந்திருந்தாள். சர்ச்சில் அந்தத் தட்டருகே குனிந்து பழத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “ஏட்டி எஸ்தர்... எனக்கொரு கன்னு கிடைக்குமா?” என்றாள்.

“கொடி விட்டிருக்கு மதினி. டின்னோடயே தாரேன்.”

டின்னோடா? எந்த டின்?

மறுநாள் காலை குளிக்கப் போனபோதுதான் புரிந்தது. வெந்நீர் டின்னில் ஐந்து ஓட்டை!