பாட்டுத்தாள் அடிக்கப் போன கலியாண வீடு

“பிள்ளை, பின்னேரம் மகளுக்குக் கலியாணம். பூசைக்குப் பாட்டுத்தாள் வேணும், பிரிண்டர் ஒரு தாளும் அடிக்குதில்லை. உடனை வாங்கோ!”

தொலைபேசியில் கத்தியவர் தலைமன்னார் சூசையப்பு ஐயா. நாலு படகு வைத்திருக்கும் சம்மாட்டி. மன்னாரில் நான் வேலை செய்யும் கணினிக் கடையில்தான் பிரிண்டர் வாங்கினார். பூட்டித் தர வரட்டுமா என்று கேட்டபோது, “எஞ்சினே நான் கழட்டிப் பூட்டுறன், இதென்ன?” என்று சொல்லிவிட்டுப் போனவர்.

நான் போனபோது வீட்டுப் பந்தலுக்குள் கோயில் பாடகர் குழுவின் ரீற்றா ரீச்சர் வெறுங்கையோடு கதிரையில் இருந்தார்.

“தாள் இல்லாட்டி மனப்பாடமாத் தெரிஞ்சதைத்தான் பாடுவம்,” என்றார்.

“என்ன தெரியும், ரீச்சர்?”

“தவக்காலத்துச் சோகப் பாட்டுகள்.”

அறைக்குள்ளிருந்து மணப்பெண், “அப்பா!” என்று அலறினாள்.

பிரிண்டரில் மின்சாரம் இருந்தது. தாளும் இருந்தது. கேபிளை இரண்டு முறை கழற்றிப் பூட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் கேட்டேன்:

“ஐயா, பிரிண்ட் குடுத்தா லப்டொப்பிலை என்ன வருது?”

“பேர் கேக்குது.”

“பேரோ?”

“ஓம். என்ரை பேரைக் குடுத்தன், பேசாமல் இருந்திச்சு. மகளின்ரை பேர், மாப்பிள்ளையின்ரை பேர், எல்லாம் குடுத்தாச்சு. கடைசியா புனித அந்தோனியாரின்ரை பேரையும் குடுத்துப் பாத்தன்.”

பிரிண்டர் புரொப்பர்ட்டீஸைத் திறந்து போர்ட்ஸ் பக்கத்தைப் பார்த்தேன். ‘பைல்’ என்ற போர்ட்டில் சரி அடையாளம் விழுந்திருந்தது.

“இதை ஆர் தெரிவு செய்தது?”

“நான்தான். பாட்டு பைலிலைதானே கிடக்கு?”

லப்டொப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

“ஐயா, போர்ட் எண்டா லப்டொப்பிலையிருந்து பிரிண்டருக்குப் போற வாசல். உங்கடை கேபிள் இருக்கிறது யூ.எஸ்.பி 001 எண்ட வாசலிலை. நீங்கள் பைல் எண்டு குடுத்தபடியால், தாளிலை அடிக்காமல் லப்டொப்புக்குள்ளையே சேமிச்சு வைக்குது. அந்த பைலுக்கு என்ன பேர் வைக்கிறதெண்டுதான் உங்களைக் கேட்டது.”

“அப்ப பேசாலைக் கரையிலை இறக்கின மீனை நான் தலைமன்னார்க் கரையிலை நிண்டு தேடியிருக்கிறன்.”

“அதேதான், ஐயா.”

யூ.எஸ்.பி 001-இல் அடையாளம் போட்டு ‘அப்ளை’ கொடுத்தேன். பிரிண்டர் இருமி, உறுமி, முதல் தாளைத் தள்ளியது. ரீற்றா ரீச்சர் அதைச் சூட்டோடு பிடுங்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். மீதித் தாள்களை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூசை கொஞ்சம் பிந்தித் தொடங்கினாலும் மணப்பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று ஐயா விடவில்லை. இலையில் உட்கார்ந்திருந்தபோது பின்னால் அவருடைய குரல் கேட்டது: “போர்ட் மாறி நிண்டது, மச்சான். நான்தான் கண்டுபிடிச்சனான்.”

அதன் பிறகு தலைமன்னாரிலிருந்து பிரிண்டர் பூட்ட என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. எல்லா வீட்டுக்கும் சூசையப்பு ஐயாவே போகிறாராம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கேபிளில் கை வைக்க முதல், திரையில் என்ன வந்தது என்று கேளுங்கள். போர்ட் என்றால் என்னவென்று கேட்டால் விளங்கப்படுத்துங்கள். ஆனால் சம்மாட்டிமாருக்கு அவ்வளவு தெளிவாக விளங்கப்படுத்தாதீர்கள்.