குறட்டை விட்டவன் கையில் சாவி

நெல் லோடோடு லாரி வாய்க்காலில் இறங்கிக் கிடந்தது. நல்ல வெயில் நேரம், ஆளில்லாத ரோடு. டிரைவர் தங்கையனைத் தூக்கி வெளியே உட்கார வைத்ததும் ஊர்க்காரர்கள் செய்த முதல் காரியம், அவன் வாயை முகர்ந்து பார்த்ததுதான்.

"குடிக்கலங்க. கண்ணு சொருகிடுச்சு" என்றான். யாரும் நம்பவில்லை. பின்வண்டியில் வந்த எனக்குத் தெரியும், அவன் டீயைத் தவிர எதையும் தொடாதவன்.

எங்கள் அப்பாக்கள் முதலாளி வீட்டுப் பண்ணையாட்கள். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் கொஞ்சம் கைவிட்டுப் போனதும் அந்த வீட்டில் லாரி வாங்கினார்கள். நாங்கள் ஸ்டியரிங் பிடித்தோம். மாறியது அவ்வளவுதான்.

கொள்முதல் நிலையத்தில் நெல் ஏற்றிக்கொண்டு குடோனுக்குப் போனால் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இறக்கும்வரை லாரிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துத் தூங்குவோம். தங்கையன் குறட்டை வரிசையின் கடைசி வண்டி வரை கேட்கும். நடுவில் சட்டென்று நின்றுவிடும், மூச்சே இருக்காது. பிறகு தண்ணீரில் முங்கி எழுந்தவன் மாதிரி ஒரு இழுப்பு. "எமன் வாசலுக்குப் போயிட்டு வந்துட்டான்டா" என்று சிரிப்போம்.

குடோன் வாசலுக்கு வரும் முதலாளி அந்தக் குறட்டையைக் கேட்டுத்தான் டிரிப் பிரிப்பார். "தங்கையன் நல்லா தூங்கிட்டான். நாகர்கோவில் லோடை அவன்கிட்ட குடு" என்பார். குறட்டை விட்டவனுக்கு அசதி தீர்ந்துவிட்டது என்பது எங்கள் லாரி லைனில் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. அதே தங்கையன் ரயில்வே கேட்டில் வண்டி நின்றாலே ஸ்டியரிங்கில் தலை சாய்ப்பான். அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தோம்.

வாய்க்காலில் வண்டி இறங்கிய பிறகு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் மனைவியிடம் கேட்டார். "தூங்கும்போது மூச்சு நிக்குதாம்மா?"

"ஆமாங்க டாக்டர். பயந்துபோய் உலுக்கி எழுப்புவேன்."

"அவர் சரியாத் தூங்கவே இல்லம்மா. மூச்சு அடைக்க அடைக்க உடம்பு முழிச்சுக்குது. அதான் பகல்ல கண்ணை இழுக்குது."

மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குவதற்கு ஒரு காற்று மெஷின் எழுதிக் கொடுத்தார். எப்படியோ பாடுபட்டு வாங்கினார்கள். சில வாரங்களில் ஆளே தெளிந்துவிட்டான். "அண்ணே, பகல்னா இவ்வளவு வெளிச்சமாவா இருக்கும்?" என்று என்னிடம் கேட்டான்.

அந்தச் சந்தோஷத்தோடு முதலாளியிடம் போனான். கூட நானும் நின்றேன்.

"மூக்குல குழாய் மாட்டிக்கிட்டுத் தூங்குற நோயாளிகிட்ட வண்டியைக் குடுத்துட்டு நான் எப்படிடா தூங்குறது?"

"இப்பதாங்க முதலாளி நல்லா இருக்கேன்."

"வேணும்னா குடோன்ல சொல்லி வைக்கிறேன், கேட்டுல வாட்ச்மேனா உட்காரு. சாவியை வச்சுட்டுப் போ."

நோய் இருந்தவரை சாவி அவன் கையில் இருந்தது. குணமானதும் பிடுங்கிக்கொண்டார். தங்கையன் குடோன் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு வரிசையில் குறட்டைச் சத்தம் கேட்கவில்லை. குறட்டைக்காரர்கள் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு, முதலாளி காதில் விழாத தூரத்துக்குப் போய்ப் படுத்தார்கள். தங்கையன் அங்கேயும் தேடிப் போவான். "ஆஸ்பத்திரியில காட்டுண்ணே."

"காட்டிட்டு? உன் பக்கத்துல நாற்காலி போட்டு உட்காரவா?" என்றார் ஒருவர்.

லைனுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, குறட்டை நல்ல தூக்கத்துக்கு அடையாளம் இல்லை. மூச்சு நின்று நின்று வந்தால் டாக்டரிடம் போங்கள். போனால் வேலை தங்கும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. எங்களில் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரே டிரைவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான். மற்றவர்கள் கண் எரிய எரிய வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம்.