போயாவுக்கு மறுநாள் நுரைத்த சவர்க்காரம்

பிள்ளைகளே, நான் கொட்டாஞ்சேனையிலிருந்து கொழும்பு முழுக்கத் தண்ணீர் மோட்டர் திருத்தப் போகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் தண்ணீர் வரவில்லை என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளவத்தையில் மனோ அக்காவின் லோண்டரியில் தண்ணீர் நன்றாக வந்தது. சவர்க்காரம்தான் நுரைக்கவில்லை.

"வாயில விட்டுப் பாரும் தம்பி" என்று ஒரு கோப்பையை நீட்டினார். உப்புக் கரித்தது.

கடற்கரைப் பக்கத்து லோண்டரி அது. ஒரு லொட்ஜின் படுக்கை விரிப்புகள்தான் அவருடைய பெரிய வேலை. கிணற்றுத் தண்ணீரில் தோய்த்த விரிப்புகள் காய்ந்ததும் மட்டை மாதிரி விறைத்து நின்றன. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று லொட்ஜ்காரர் சொல்லிவிட்டார்.

பக்கத்து வளவில் ரஞ்சன் கார் கழுவும் இடம் வைத்திருந்தார். அவருக்கும் கிணறுதான். அவர் பெரிய மோட்டர் பூட்டிய பிறகுதான் உப்பு வந்தது என்றார் அக்கா. ஆகவே தானும் கிணற்றை ஆழமாக்கி, அதைவிடப் பெரிய மோட்டர் பூட்டுவதென்று முடிவெடுத்திருந்தார்.

ரஞ்சன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, கடலையே பைப்புக்குள்ள இழுக்கப் போறீங்களோ?"

"நீ கார் கழுவுறியோ, கருவாடு போடுறியோ எண்டு முதல்ல சொல்லு!"

போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு மறுநாள் காலை நான் புது மோட்டரோடு போனேன். அக்கா வாசலிலேயே மறித்தார்.

"இறக்காதையும். இண்டைக்கு நுரைக்குது."

"என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. நேற்றுப் போயா. என்ட கடையும் பூட்டு, அவன்ட கடையும் பூட்டு. ஒருத்தரும் தண்ணி இழுக்கேல்லை."

குடித்துப் பார்த்தேன். உப்பு முற்றாகப் போகவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்திருந்தது. அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அங்கே மணலுக்குக் கீழே மழைத் தண்ணீர், கடல் தண்ணீருக்கு மேலே ஏறி நிற்கிறது. மெதுவாக எடுத்தால் நல்ல தண்ணீர் வரும். வேகமாக உறிஞ்சினால் கீழே உள்ள உப்பு மேலே வரும். ஆழமாகத் தோண்டினால் நாங்களே உப்பைத் தேடிப் போகிறோம்.

இருவரும் ரஞ்சனிடம் போனோம்.

"என்ட தண்ணிக்கு ஒரு குறையும் இல்லை" என்றார்.

கழுவி நிறுத்தியிருந்த கறுப்புக் காரின் கண்ணாடியில் அக்கா விரலை இழுத்துக் காட்டினார். வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

ரஞ்சனின் குரல் இறங்கியது. "ஓமக்கா. கஸ்டமர்மாரும் ஏசத் தொடங்கிட்டாங்கள்."

இரண்டு மோட்டரும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது என்றேன். பிறகு காலை நேரம் யாருக்கு என்று சண்டை. விரிப்புக் காய வெயில் வேண்டும், காரும் காலையில்தான் வரும். கடைசியில் ரஞ்சன் முதல்நாள் பின்னேரம் டேங்கை நிரப்பி வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். இரண்டு கிணற்றுக்கும் சின்ன மோட்டர் பூட்டினேன். மழைத் தண்ணீர் ஓடிவரும் கூரைப் பீலிகளை இரண்டு கிணற்றுக்கும் திருப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் லீவு. மழைக்காலம் போனபின் விரிப்புகள் மெத்தென்று வந்தன, லொட்ஜ் வேலையும் தங்கியது.

ஒரு ஞாயிறு நான் அங்கே நிற்கும்போது ரஞ்சனின் மோட்டர் உறுமியது.

"டேய் ரஞ்சன், என்ட தண்ணியை விடுடா!" என்று அக்கா கத்தினார்.

"உங்கட தண்ணியோ? இது என்ட கிணறு!"

"கிணறு உன்னுடையது, தண்ணி ரெண்டு பேருடையது. நிப்பாட்டு!"

மோட்டர் நின்றது. இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், எத்தனை ஹோஸ்பவர் வேண்டும் என்று கேட்க முன்னர், பக்கத்து வளவில் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.