லிஃப்ட்காரரின் நாலாவது பாடம்

படத்தைத் திறந்த கையோடு பெரிதாக்க ஆரம்பித்துவிடுவார். முதலில் ஆள் தெரிவார், பிறகு முகம், பிறகு மூக்கு மட்டும். அதோடும் விடமாட்டார். திரை முழுக்கப் பழுப்பும் சாம்பலுமாகச் சதுரங்கள் நிறையும்வரை மவுஸின் சக்கரத்தை உருட்டுவார். அப்புறம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற தூரத்துக்குக் குனிந்து, "இங்கதான் எங்கயோ இருக்கு" என்பார். என்ன இருக்கிறது என்று கேட்டால், "கோளாறு சார். பெருசாக்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்று பதில் வரும்.

பிழைப்பு லிஃப்ட் பழுதுபார்ப்பது. எங்கள் போட்டோ எடிட்டிங் வகுப்பில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஒரு துணிக்கடையின் மாடியில், எனக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்வார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தும் படியேறித்தான் வருவார். "அந்தச் சத்தத்தக் கேட்டா எனக்குக் கை துறுதுறுங்கும், லீவு நாள்ல வேண்டாம்" என்பது அவர் கட்சி. பேனா இருக்கவேண்டிய சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருக்கும். வகுப்பில் இன்றைக்கு ஆடாத நாற்காலிகள் சில இருக்கின்றன என்றால், அதற்கு டெஸ்டரும் அவருடைய பொறுக்கமாட்டாத குணமும்தான் காரணம்.

கேமரா, மகள் வேலைக்குச் சேர்ந்ததும் வாங்கிக்கொடுத்தது. அதை முதல் மாதம் துடைப்பதற்கு மட்டுமே பயன்படுத்தினார் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறகு எடுக்க ஆரம்பித்தார். எடுத்தது பிடிக்காமல்போய், திருத்தக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார்.

கற்றுக்கொண்ட அழகைச் சொல்லவேண்டும். வானத்தை லேசாக நீலமாக்குங்கள் என்றால், சொட்டு நீலத்தில் முக்கி எடுத்துவிடுவார். அவர் கைபட்ட புல்தரையை மாடு பார்த்தால் சந்தேகப்பட்டுத் திரும்பிப் போகும். கோப்புகளுக்குப் பெயர் வைப்பதிலும் தனி வழி: 'கடைசி', 'கடைசி புதுசு', 'இதுதான் கடைசி'. ஒருமுறை மேட்டில் ஏறும் தெரு ஒன்றின் படத்தைத் திறந்துவைத்து, "சாஞ்சிருக்கு சார், சகிக்கல" என்று ஒரு மணி நேரம் போராடித் தெருவைச் சமதளமாக்கினார். தெரு நேரானது. அதில் நடந்துபோனவர்கள் அத்தனை பேரும் குடித்தவர்கள் மாதிரி சாய்ந்துவிட்டார்கள். எங்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். கோணலாக எதையும் விட்டுவைக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

டீச்சர் அவர் மகள் வயதுப் பெண். அவரை "அங்கிள்" என்று கூப்பிடுவார். நாலாவது பாடம் கறை நீக்குவது. ஹீலிங் பிரஷ் என்று ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல இடத்தை எடுத்துக் கறையின் மேல் பூசிவிடும். சுவரில் எண்ணெய்க்கறை, முகத்தில் பரு என்று எதையாவது வைத்துப் பழகுங்கள் என்று டீச்சர் சொன்னார். லிஃப்ட்காரரிடம் இருந்ததெல்லாம் பளபளவென்ற எஃகுச் சுவர்களும் பூந்தொட்டிகளும்தான். கறைக்கு அலைந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

அவர் மனைவியின் படம். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறார். உதடுகளுக்கு நடுவே ஒரு கிளிப். யாரோ எதுவோ சொல்லிச் சிரிப்பு வந்து, கிளிப் விழுந்துவிடாமல் சிரிக்கிறார். அவர் எடுத்ததிலேயே ஆகச் சிறந்த படம் அதுதான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இடது கன்னத்தில், காதோரம் தொடங்கித் தாடைவரை, காபி நிறத்தில் ஒரு மச்சம் படர்ந்திருந்தது. பிறவியிலேயே வந்தது. லிஃப்ட்காரர் பிரஷை எடுத்தார்.

அன்றைக்கு அவர் கை பிசகவே இல்லை. டெஸ்டரால் திருகாணி முடுக்குகிற நிதானத்தோடு, துளித்துளியாக, காதோரத்திலிருந்து கீழே இறங்கினார். வகுப்பு முடியும்போது கன்னம் வழவழவென்று இருந்தது. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "அங்கிள், பூசினதே தெரியலையே!" என்றார். எல்லாரும் எழுந்துவந்து பார்த்தோம். கைதட்டல்கூட விழுந்தது. அந்தச் சூட்டோடு சூடாகப் படத்தைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

அவருடைய மனைவி அப்போது சமையலறையில் இருந்திருக்கிறார். ஃபோன் ஓயாமல் சிணுங்கவே கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்திருக்கிறார். சித்திகள், மச்சினர்கள், நாத்தனார்கள், எல்லாரும் ஆகா ஓகோ என்றிருந்தார்கள். அவருடைய சொந்த அக்கா மட்டும் மனம்விட்டு எழுதியிருந்தார்: "இப்பத்தாண்டி நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்க."

அடுத்த ஞாயிறு லிஃப்ட்காரர் வந்தார். கம்ப்யூட்டரைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். "கை சும்மா இருந்திருக்கலாம் சார்" என்றார். பிறகு, மூலப்படத்தைப் பெரிதாக அச்சுப்போட உதவ முடியுமா என்று கேட்டார். அதற்காகத்தான் அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் அந்த அம்மாதான். படத்தில் பின்னால் இழுத்து முடிந்திருந்த தலைமுடி, இப்போது இடது பக்கம் முன்னால் இறங்கியிருந்தது. "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்று சிரித்த முகமாகத்தான் வரவேற்றார். டீ கொடுத்தார். கணவருக்குக் கொடுக்கும்போது, வலது கன்னம் அவர் பக்கம் இருக்கும்படி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்த அம்மாவின் நாற்காலியும் இடம் மாறியிருந்தது. பழைய இடத்தில் நான்கு கால்களின் தடம் தரைவிரிப்பில் இன்னும் பதிந்திருந்தது.

கூடத்தில் அவர்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. இருவரும் நேருக்கு நேர் கேமராவைப் பார்க்கிறார்கள். மச்சம் பளிச்சென்று தெரிகிறது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவே பேசினார்.

"ஸ்டுடியோக்காரர் என்ன இந்தப் பக்கம் திரும்பச் சொன்னாருண்ணே. சின்ன வயசுலேர்ந்து பழக்கம்தான், நானும் திரும்பிட்டேன். இவங்கதான், 'நேராவே நிக்கட்டும்ணே, அவங்க மொகம் அதுதானே'ன்னாங்க. அன்னிக்கு வரைக்கும் இவங்க யாரோ ஒருத்தர் எனக்கு. அதுக்கப்புறம் நான் கண்ணாடிகிட்ட தல சீவறதுக்கு மட்டும்தான் போவேன். மூஞ்சிய நெனச்சதே இல்ல."

லிஃப்ட்காரர் டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அது பாடத்துக்குச் செஞ்சதும்மா" என்றார். "நான் அதப் பாத்ததே இல்ல. சத்தியமா."

"பாக்காமலா தேடிக் கண்டுபுடிச்சீங்க?" என்றார் அந்த அம்மா. கோபமே இல்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரல். அந்தக் கேள்விக்கு எந்தக் கணவனாலும் பதில் சொல்ல முடியாது. பார்த்தேன் என்றால் இத்தனை வருஷமும் பொய். பார்க்கவில்லை என்றால் அது இன்னும் பெரிய பொய்யாகத் தெரியும். உண்மை என்னவோ அவர் சொன்னதுதான். சதுரங்களை மட்டும் பார்க்கிற கண் அன்றைக்குச் சதுரங்களைப் பார்த்தது. அதில் நிறம் மாறிய சதுரங்கள் இருந்தன. அவர் கோளாறு என்று நினைத்துவிட்டார். இதை நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் டீ குடிக்கவந்தவன் என்ன பேசுவது?

மூலப்படத்தை அச்சுப்போட்டோம். அருமையாக வந்தது. மறுவாரம், கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"குடுத்தேன் சார். ஃபோன்ல இருந்த இன்னொண்ணையும் பக்கத்துல வெச்சு ரொம்ப நேரம் பாத்தா. 'ரெண்டையும் சேத்துப் பாக்கும்போது ஃபோன்ல இருக்கறதுதாங்க நல்லாருக்கு. எங்க அக்கா சொன்னதுல என்ன தப்பு?'ன்னுட்டு, குடுத்தத அலமாரிக்குள்ள வெச்சுட்டா." கொஞ்ச நேரம் டெஸ்டரின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "சண்ட போட்டாக்கூடத் தேவல சார். நல்லாப் பேசறா. நல்லாச் சமைக்கறா. என் பக்கம் முழுசாத் திரும்பித்தான் நிக்க மாட்டேங்கறா."

அவருக்காக மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. ஏமாற்றியவனுக்கும் அடித்தவனுக்கும் மன்னிப்புக் கேட்க ஒரு வழி இருக்கும். ஆசையாக ஒன்று செய்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்தவன் என்னவென்று கேட்பான்?

இப்போதும் வகுப்புக்கு வருகிறார். முன்னைவிட நன்றாகவே செய்கிறார். வானம் வானமாக இருக்கிறது. ஆனால் மனிதர்களை எடுப்பதில்லை. லிஃப்ட் ஏறியிறங்கும் குழியின் இருட்டு, கூண்டைத் தாங்கும் கம்பிவடம், கூண்டின் கூரையில் படிந்த தூசு, இவைதான் படங்கள். பழைய பழக்கத்தில் பெரிதாக்கத் தொடங்குவார், பாதியில் நிறுத்திக்கொள்வார். பக்கத்தில் யாராவது முகம் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு பருவை அழித்தால் மட்டும் எட்டிப்பார்த்து, "வீட்டுல கேட்டுக்கிட்டீங்களா?" என்பார். புது மாணவர்கள் அதை ஜோக் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

போன ஞாயிறு வகுப்பின் முதல் கட்ட நிறைவு நாள். படங்களைச் சுவரில் மாட்டி, வீட்டாரையும் அழைத்திருந்தோம். லிஃப்ட்காரர் மனைவியோடும் மகளோடும் வந்தார். அந்த அம்மா எல்லாப் படங்களையும் நின்று பார்த்தார். கணவர் எடுத்த கம்பிவடத்தின் முன்னால் கூடுதல் நேரம் நின்றார். "இது அறுந்துடாதே?" என்று கேட்டார். "என் கையில இருக்கறவரைக்கும் அறாது" என்றார் அவர். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு இருவரும் சேர்ந்தாற்போலச் சிரித்தார்கள் என்று மகள் என் காதில் சொன்னாள். எனக்கும் ஒரு நப்பாசை வந்தது.

கடைசியில் டீச்சர், "எல்லாரும் வாங்க, ஒரு குரூப் போட்டோ" என்று முக்காலியில் கேமராவை வைத்தார். லிஃப்ட்காரர் முந்திக்கொண்டு, "நான் எடுக்கறேன், நீங்க நில்லுங்க" என்று கேமராவுக்குப் பின்னால் போகப்பார்த்தார். "டைமர் இருக்கு அங்கிள், போய் ஆன்ட்டி பக்கத்துல நில்லுங்க" என்று விரட்டிவிட்டார் டீச்சர். அவர் போய் மனைவியின் வலப்பக்கம், கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றார். கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

அந்த அம்மா அவருடைய முழங்கையைப் பிடித்தார். மெதுவாகத் தன்னைச் சுற்றி இழுத்து, இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்து, ஓரடி முன்னால் தள்ளி நிறுத்தினார். கணவரின் தோள் தன் இடது கன்னத்தை மறைக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார். மறைத்தது. லிஃப்ட்காரர் அசையாமல் நின்றார்.