கோபிப் பாலைவனத்தில் ஒரு தேர் நாள்

சீனா போய் வந்தவர்கள் பெருஞ்சுவரைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கோ திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருவது, துன்ஹுவாங் என்ற பாலைவன ஊரிலிருந்து கிளம்பி நாள் முழுக்க அலைந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். போன வருடம் ஆகஸ்டில் புதுச்சேரியிலிருந்து பதினெட்டுப் பேர் குழுவாகப் போனோம். நானும் என் அக்கா கஸ்தூரியும் அதில் உண்டு.

அக்கா வருகிறேன் என்றதே அதிசயம். நாங்கள் பிறந்தது வீராம்பட்டினத்தில். நான் கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வந்துவிட்டேன், அவள் அங்கேயே வாழ்க்கைப்பட்டாள். ஆடி ஐந்தாம் வெள்ளி அம்மன் தேர் என்றால் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, வடம் பிடிக்காமல் இருக்கமாட்டார். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை அக்கா பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டாள். மாமா கை சிவக்க வீட்டுக்கு வந்ததும் முதல் உருண்டைச் சோறு அவருக்கு, அப்புறம்தான் இவளுக்கு. மாமா தவறிய முதல் வருடம், வருடம் திரும்பவில்லை என்று கோயில் பக்கமே போகாமல் ஒதுங்கியிருந்துவிட்டாள். இரண்டாவது வருடம்தான் அவளுக்குப் பயம். தேர் அன்றைக்கு அந்தத் தெருவில் இருக்க மாட்டேன், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்றாள். நானும் சீனாவுக்கே இழுத்துக்கொண்டு போனேன்.

தெருவை விட்டு ஓடிவந்தாளே தவிர விரதத்தை விடவில்லை. தேர் அன்று விடியற்காலையில் ஓட்டல் அறையில் குட்டி ரைஸ் குக்கரில் ஈடு ஈடாகச் சோறு வைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் போட்டு எல்லோருக்கும் சாதம் கிளறினாள். தனக்கென்று ஒரு டப்பாவைக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் மகன் முரளி, தேர் நிலைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் சொல்கிறேன் என்றிருந்தான். அதற்கப்புறம்தான் டப்பாவைத் திறப்பாளாம். நல்லா இருக்கே கூத்து என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்குப் பஸ் கிளம்பியது. சீனா முழுக்க பெய்ஜிங் நேரம்தான் என்பதால் மேற்கே இருக்கும் துன்ஹுவாங்கில் அப்போதுதான் வெளிச்சம் வருகிறது. நம் ஊர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால். தொண்ணூறு கிலோமீட்டரில் யூமென் கணவாய், அந்தக் காலத்துப் பட்டுப்பாதையின் காவல் வாசல். இப்போது மிச்சமிருப்பது ஒரு பெரிய மண் கோட்டை, அவ்வளவுதான். ஆனால் சுற்றிலும் ஒரு ஈ காக்கா இல்லாத அந்தச் சாம்பல் வெளி இருக்கிறதே, அதற்காகவே போகலாம். நான் வெறி பிடித்தவள் போல வீடியோ எடுத்தேன். அங்கேதான் மதியச் சாப்பாடு. பதினேழு பேரும் அக்காவின் புளிச்சாதத்தை வழித்து நக்கினோம். டிரைவர், மா என்று பெயர், ஐம்பது வயது இருக்கும், ஒட்டகம் கணக்காகப் பொறுமையான மனிதர், சாப்பிடாத அக்காவுக்கு வெள்ளரிக்காய் நீட்டினார். அவள் சிரித்து, கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டாள்.

அங்கிருந்து இன்னொரு தொண்ணூறு கிலோமீட்டர் யாடான். நுழைவுக் கட்டணமும் உள்ளே சுற்றிக்காட்டும் வண்டியும் சேர்த்து நாங்கள் போனபோது நூற்றிருபது யுவான். காற்று அறுத்த மண்மேடுகள் வரிசையாக நிற்கின்றன, கரையில் ஏற்றிவிட்ட படகுகள் மாதிரி. வெயில் நாற்பதைத் தாண்டியிருக்கும். அக்கா அவற்றைப் பார்த்தபடி நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறிவிட்டது. அந்த அத்துவானத்தில் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது? பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும். டப்பாவைப் பிடுங்கித் திறக்கப் போனேன், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்று கத்தினேன்.

“சாமிக்காக இல்லடி,” என்றாள். “அவுரு வடம் புடிச்சிருக்கும்போது நான் எப்பிடி சாப்புடுறது?”

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, துப்பட்டாவை நனைத்து அவள் தலையில் போட்டேன்.

திரும்பும்போது இன்னொரு சிக்கல். எங்கள் இரண்டு பேரில் நான் மட்டும்தான் ரோமிங் போட்டிருந்தேன். அந்தப் போன் வீடியோ எடுத்தே செத்துக்கொண்டிருந்தது. பவர்பேங்கை உள்நாட்டு விமானத்தில் ஏறும்போதே பிடுங்கிவிட்டார்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன்: வீட்டில் தேர் இழுக்கிறார்கள், அது திரும்பி வந்ததும் சேதி வரும், அதுவரை இவள் சாப்பிடமாட்டாள். அது சீன மொழியில் எப்படிப் போய்ச் சேர்ந்ததோ! அவர் இரண்டு தடவை படித்தார். பஸ் சார்ஜரிலிருந்து தன் போனைக் கழற்றிவிட்டு என்னுடையதைச் சொருகினார். அப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் போனைப் பார்த்துவிட்டு, இல்லை என்று அக்காவிடம் தலையாட்டினார்.

இரவு எட்டு மணிக்குத் துன்ஹுவாங் மணல்மலை அடிவாரத்தில் பஸ் நின்றது. இன்னும் பொழுது சாயவில்லை. மற்றவர்கள் ஒட்டகம் ஏறப் போய்விட்டார்கள். போன் அதிர்ந்ததும் டிரைவர்தான் முதலில் எழுந்தார், சொருகியிருந்த ஒயரோடு எடுத்து நீட்டினார். வாட்ஸ்அப்பில் முரளி பேசி அனுப்பியிருந்தான், பின்னால் மேளம்.

“தேரு நிலைக்கு வந்துடுச்சிமா. அப்பா நிக்கிற எடத்துலதான் நின்னு புடிச்சேன். கை எரியுது. நீ சாப்புடு.”

அக்கா அதை மூன்று முறை போடச் சொன்னாள். அப்புறம் டப்பாவைத் திறந்து, முதல் உருண்டையைப் பிடித்துவிட்டு, கொடுக்க ஆளில்லாமல் கையை அந்தரத்தில் வைத்தபடி இருந்தாள். அந்தக் கையைப் பார்க்க என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன். அவள் எழுந்து முன்னால் போய் அதை டிரைவரிடம் நீட்டினாள். காலையிலிருந்து நம்மை இழுத்துக்கொண்டு வந்தது இவர்தானே என்றாள். மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தும் ஒரு பருக்கை கீழே சிந்தாமல் தின்று முடித்தார். அப்புறம்தான் அக்கா சாப்பிட்டாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அங்கே சிம் வாங்கினால் வாட்ஸ்அப் வேலை செய்யாது, இங்கிருந்தே ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். சீன முத்திரையில்லாத பவர்பேங்கை உள்நாட்டு விமானத்தில் விடமாட்டார்கள். யாடான் போய் வர முந்நூற்றறுபது கிலோமீட்டர், அதே நாளில் மணல்மலையையும் சேர்க்காதீர்கள், உடம்பு பிய்ந்துவிடும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

இந்த வருடம் தேருக்கு அக்கா எங்கும் ஓடவில்லை. நானும் அவள் வீட்டில்தான் இருந்தேன். முரளி கை சிவக்க வந்து உட்கார்ந்தான். முதல் உருண்டையை அவனிடம் கொடுத்துவிட்டு, தன் தட்டில் கைவைக்காமல் என்னைப் பார்த்தாள்.

“அங்க இப்ப மணி இன்னா இருக்கும்? அந்த டிரைவரு சாப்ட்டிருப்பாராடி?”