அடுப்போடு நிற்காத நாள்

நாங்கள் இருக்கும் இல்ஃபோர்டிலிருந்து காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு எத்தனையோ மலைகளுக்குப் போயிருக்கிறோம். நான் மட்டும் எல்லா மலையையும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கணவரும் பிள்ளைகளும் ஏறப் போவார்கள். திரும்பி வரும்போது சோறும் கறியும் சுடச்சுட இருக்க வேண்டுமே! நான் அடுப்போடு நிற்பேன். மாலையில் ஆளுக்கொரு போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள்.

போன கோடையில் வேல்ஸிலும் அப்படித்தான். "முழங்கால் நோவோட உம்மால ஏலாது. நீர் நில்லும்," என்றார் கணவர்.

"ஏலும்," என்றேன். பானையை மூடிவைத்துவிட்டுக் காலில் சப்பாத்தை மாட்டி நாடாவைக் கட்டினேன்.

பாதி வழியில் மழை தூறியது. பிள்ளைகள் பசிக்கிறது என்று திரும்பினார்கள். அவர்களோடு அவரும் திரும்பினார். முழங்கால் வலிக்கத்தான் செய்தது. கல்லைப் பிடித்துப் பிடித்து உச்சிக்கு ஏறினேன். முகில் விலகியதும் தூரத்தில் கடல் தெரிந்தது. ஆசை தீரப் பார்த்தேன்.

இறங்கி வந்தபோது அவர் வைத்த சோறு குழைந்திருந்தது. "அம்மா, மேல எடுத்த படத்தைக் காட்டுங்கோ," என்றாள் மகள்.

"எடுக்கேல்லை. பாக்க வேணுமெண்டால் நாளைக்கு ஏறுங்கோ. நானும் வாறன்."

போன் என் பொக்கற்றில்தான் இருந்தது. அந்த மலையை மட்டும் படமாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.